ஊரில் யாருக்கும் மச்சம் இல்லை

இந்த ஊரில் ஒருவருக்குக்கூட மச்சம் கிடையாது.

இதைச் சொன்னவர் ஸ்டுடியோக்காரர். விளையாட்டாகச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, தீர்ப்பு வாசிக்கிற குரலில் சொன்னார். சந்தேகம் இருந்தால் கடை முகப்பில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கலாம் என்றார். முப்பத்தொரு வருடத்தில் எடுத்த படங்களில் பொறுக்கிய நாற்பது முகங்கள் அங்கே மாட்டியிருந்தன. மணமக்கள், பட்டம் வாங்கியவர்கள், பல் முளைக்காத குழந்தைகள், பல் விழுந்த பெரியவர்கள். ஒரு முகத்திலும் ஒரு புள்ளி இல்லை. எல்லோரும் இப்போதுதான் கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டுகள் மாதிரி பளபளத்தார்கள்.

காலை ஒன்பது மணிக்கே அவரை இப்படிப் பேச வைத்தவர், எதிரே நின்றிருந்த பூட்டு ரிப்பேர்க்காரர்.

பூட்டுக்காரருக்கு இடது கன்னத்தில் மிளகு அளவு மச்சம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அங்க அடையாளம் கேட்ட இடத்தில் அதைத்தான் எழுதியிருந்தார். அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். முதல் இரண்டு பேரும் ஒருவர்தான், மூன்றாவது ஆள் யார் என்று கேட்டாராம்.

"மச்சத்தை இருந்த இடத்துலயே வெச்சுக் குடுங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

"இருக்கிறதை எடுக்கத்தான் கடை வெச்சிருக்கேன். எடுத்ததைத் திருப்பி வைக்கிற வேலைக்கெல்லாம் வேற ஆளைப் பாருங்க."

"அப்போ டச்சப் பண்ணாத ஒரிஜினலாவது குடுங்க."

"வாழைப்பழம் சாப்பிட்டுட்டுத் தோலை பீரோல வெச்சுப் பூட்டுவீங்களா?"

ஒரிஜினல்களை அன்றன்றே அழித்துவிடுவது ஸ்டுடியோக்காரரின் தொழில் தர்மம். திருத்தாத முகம் வெளியே போவது, அரைத் தையலோடு சட்டை வெளியே போவது மாதிரி. பூட்டுக்காரர் படியிறங்கும்போது, தான் எந்தப் பூட்டைத் திறந்தாலும் பழையபடி பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கூலி வாங்குவது வழக்கம் என்று முணுமுணுத்தார். மச்சத்தைத் திருப்பி வைக்கச் சொல்லும் முதல் பைத்தியத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று ஸ்டுடியோக்காரர் பக்கத்துக் கடை வரை கேட்கிற மாதிரி சொல்லிச் சிரித்தார்.

அன்று அவர் சிரித்தது அதோடு சரி.

போன வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஸ்டுடியோக்காரரின் மனைவி டிரைவிங் டீச்சர். இருபத்திரண்டு வருடங்களாக, ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டும் வண்டியில் தினமும் ஒன்பது மணி நேரம் பயணம் செய்கிறவர். பயம் என்கிற பாகம் அவருக்கு எப்போதோ தேய்ந்து கழன்று விழுந்துவிட்டது. இடது பக்கத்து இருக்கை அவருடையது. இடது பக்கத்து ஜன்னல் வெயிலும் அவருடையது. இடது தோளுக்கு மேலாக இறங்கும் சீட் பெல்ட், அவருடைய கழுத்தில் ஒரு மச்சத்தை உரசிக்கொண்டு போகும். காதுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சம்.

போன வாரம் அந்த பெல்ட்டில் துரு நிறத்தில் ஒரு கோடு இருந்தது. துரு என்றுதான் டீச்சர் துடைத்தார். பெல்ட் துணி துருப்பிடிக்காது என்று சொன்னவள் மகள்.

மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு கண்ணின் நடுவிலிருந்து இன்னொரு கண்ணின் நடுவுக்கு எவ்வளவு தூரம் என்று அளப்பதற்காக மில்லிமீட்டர் ஸ்கேல் ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருப்பாள். அம்மாவைத் திருப்பி உட்கார வைத்து மச்சத்தை அளந்தாள். எட்டு மில்லிமீட்டர் என்றாள். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

அன்றிலிருந்து அப்பா அவளை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுகிறார். பெற்ற தாயை ஸ்கேல் வைத்து அளக்கிற பிள்ளையை உலகம் இதுவரை கண்டதில்லை என்றார். டாக்டரிடம் போக வேண்டியதில்லை என்றும் முடிவு செய்தார். கடைத்தெருவில் ஒரு அழகு நிலையம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் மச்சத்தைச் சுட்டு எடுத்துவிடுவார்கள். தையல் இல்லை, தழும்பு இல்லை என்று போர்டு இருக்கிறது. அதற்குக் கீழே 'முன்', 'பின்' என்று பன்னிரண்டு ஜோடிப் படங்கள் இருக்கின்றன. 'பின்' படங்கள் பன்னிரண்டும் ஸ்டுடியோக்காரரின் கைவண்ணம் என்பது அவருக்கும் அழகு நிலையத்துக்கும் மட்டும் தெரியும்.

அங்கே இன்று மாலை ஆறு மணிக்கு நேரம் வாங்கியாகிவிட்டது. அதற்கு முன் டாக்டரிடமும் ஒரு தடவை காட்டியே தீர வேண்டும் என்று மகள் பிடித்த பிடியில் நின்றாள்.

இன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது டீச்சர் கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கண்ணாடியில் எவ்வளவு திரும்பினாலும் தன் கழுத்தின் அந்த இடம் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை.

"ஏங்க, அது முன்ன மாதிரியேதானே இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு," என்றார் ஸ்டுடியோக்காரர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

*

தோல் டாக்டருக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. டீச்சரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் டீச்சரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். டீச்சருக்கும் ஞாபகம் இருந்தது. இரண்டாம் நாளே கேட் தூணை இடித்த மாணவி. இடித்த பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு, தூண்தான் நகர்ந்து வந்தது என்று சொன்ன மாணவி. அப்படிப்பட்டவர் தன் கழுத்தைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற தைரியத்தில் டீச்சர் காலரைத் தளர்த்தினார்.

"எத்தனை நாளா ரத்தம் வருது டீச்சர்?"

ரெண்டே தடவை, பெல்ட் உரசி, என்றார் டீச்சர்.

டாக்டர் விளக்கு வைத்த சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்து மச்சத்தின் மேல் வைத்துக் குனிந்தார். அது வரைக்கும் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார். மற்ற மாணவர்கள் என்ன ஆனார்கள், அந்தச் சிவப்பு வண்டி இன்னும் ஓடுகிறதா என்றெல்லாம். லென்ஸை வைத்ததும் ஒரு வாக்கியத்தின் நடுவில் பேச்சு நின்றது. வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை.

சுவரில் கடிகாரம் ஓடியது. டாக்டர் லென்ஸை எடுத்துத் துடைத்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தார்.

டீச்சருக்கு இந்த மௌனம் பழக்கமானது. டெஸ்டில் இன்ஸ்பெக்டர்கள் இப்படித்தான் சும்மா இருப்பார்கள். ஓட்டுகிற பிள்ளை தேறாத நாளில்தான் இருப்பார்கள்.

பிறகு டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். மச்சம் எல்லோருக்கும் இருக்கிறது. ஒருவருக்குப் பத்து, இன்னொருவருக்கு நாற்பது. அநேகமாக எல்லாமே கடைசி வரை ஒரு வம்புக்கும் போகாமல் உட்கார்ந்திருக்கும். அதையெல்லாம் எடுப்பதும் விடுவதும் அவரவர் இஷ்டம், அவரவர் வீட்டுக் கண்ணாடியின் இஷ்டம். தான் பார்ப்பது நாலைந்து விஷயம்தான். மச்சத்தின் இரண்டு பாதியும் ஒன்று போல் இருக்கிறதா. ஓரம் ஒழுங்காக இருக்கிறதா. நிறம் ஒன்றா, பலதா. பென்சில் பின்னால் இருக்கும் ரப்பரை விடப் பெரியதா.

"இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு டீச்சர். மாறிக்கிட்டே இருக்கா? உங்ககிட்ட பழைய போட்டோ எதாவது இருக்கா?"

மகள் இதற்காகவே ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். போட்டோக்காரர் வீட்டில் போட்டோவுக்கா பஞ்சம். கல்யாணத்திலிருந்து போன வருடம் வரை வரிசையாக இருந்தது. டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பாதி வழியில் வேகமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு வந்து, திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார்.

"இதுல எதுலயுமே மச்சம் இல்லையே. பிறந்ததுலேர்ந்து இருக்குன்னீங்க?"

"இருந்தது. என் வீட்டுக்காரர் எடுத்துட்டார்."

"எடுத்துட்டாரா? எந்த டாக்டர்கிட்ட?"

"கம்ப்யூட்டர்ல."

டாக்டர் ஆல்பத்தை மூடினார். சிரிக்கவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்தெட்டு வருடத்துக் கழுத்து, இருபத்தெட்டும் மார்பிள் தரை மாதிரி. அம்மாவைக் காணாமல் போனவர் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தால், இந்த ஆல்பத்தை வைத்து ஒரு போலீஸ்காரரும் கண்டுபிடிக்க முடியாது.

டாக்டர் ஒரு தாளில் கழுத்தைப் படமாக வரைந்து காட்டினார். மச்சத்தைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போடுவார்கள், அரை மணி நேர வேலை. எடுத்ததை லேபுக்கு அனுப்ப வேண்டும். அது என்ன என்று லேப்தான் சொல்லும். தன் கண்ணால் சொல்ல முடியாது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதை விட்டால் பதினெட்டு நாளுக்கு டாக்டர் ஊரில் இல்லை. தையல் பிரிக்கும் வரைக்கும் கழுத்தைத் திருப்பக் கூடாது.

கழுத்தைத் திருப்பக் கூடாது என்ற இடத்தில் டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஆறு பேருக்கு டெஸ்ட். அதில் ஒருத்தி நாலாவது தடவையாகப் போகிறாள். இரண்டு வாரம் தலை திரும்பாத டிரைவிங் டீச்சரை வைத்து யார் என்ன செய்வது. சாயந்திரம் ஆறு மணிக்குச் சுட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தையலே கிடையாதாம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சுட்டுட்டா, அது என்னவா இருந்ததுன்னு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. மேல தெரியறது போயிடும் டீச்சர். கீழ எதாவது இருந்தா, அது இருக்கும். உங்க கழுத்துல எதுவுமே இல்லாத மாதிரி இருக்கும். அந்த போட்டோல இருக்கிற மாதிரி."

"சின்ன வயசுலேர்ந்து இருக்கறது. மாறாம அப்படியே இருந்துச்சுன்னா?"

"அப்பவும் எனக்கு இது பிடிக்கலைன்னுதான் சொல்வேன். மாறியிருக்குன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்கன்னு உங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சுவேன்."

டீச்சர் காலரைச் சரி செய்துகொண்டார். தன் கழுத்து தனக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்குத்தான் தெரியும் என்றார். தன் முகத்தை அவர் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. அதுதான் அவர் தொழில். அவர் அப்படியேதான் இருக்கிறது என்கிறார். அவர் சொன்னால் சரி.

வாசல் வரை வந்த டாக்டர், ஒன்பது மணி இடத்தை இன்று கடை கட்டும் வரைக்கும் யாருக்கும் தர மாட்டேன் என்றார். டீச்சர் தலையாட்டிவிட்டு, வெளியே நிற்கும் டாக்டர் காரின் முன் சக்கரம் இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது, அதை நேராக வைத்து நிறுத்தப் பழக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

*

ஒரு மணிக்கு மகள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். அப்பா ஒரு குடும்பப் படத்தில் ஏழு பேருக்குச் சேர்த்துச் சருமம் மாற்றிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கிளிக் செய்துகொண்டிருந்தார். டாக்டர் என்றால் கத்தியைத்தான் காட்டுவார், தையல்காரரிடம் போனால் அளவு எடுக்காமல் விடுவாரா என்றார். அந்தப் பெண் கேட் தூணை இடித்த கதையை ஒரு தடவை சொன்னார். பெரிய மச்சம் அதிர்ஷ்டம், உங்கம்மா மச்சக்காரி, அதனால்தான் எனக்கு வாக்கப்பட்டாள் என்றார்.

"அம்மாவோட ஐடி கார்டு போட்டோ எல்லாம் நீங்கதானே எடுத்தீங்க. டச்சப் பண்றதுக்கு முந்தினது எதாவது இருக்காப்பா?"

"ஒரிஜினல் வெச்சுக்கிற பழக்கம் இந்தக் கடைல இல்லை. காலைல ஒருத்தன் வந்து இதே பாட்டுப் பாடிட்டுப் போனான்."

மகள் டாக்டர் அறையில் தன் போனில் எடுத்த படத்தை அவருடைய கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். அம்மாவின் கழுத்து, காது, மச்சம், பக்கத்தில் ஸ்கேல்.

"அம்மா டாக்டரை நம்பலை, என்னை நம்பலை. உங்க ஒரு வார்த்தையை நம்பித்தான் ஆறு மணிக்கு அங்க போறா. அந்த வார்த்தையைப் பேப்பர் படிச்சுக்கிட்டே சொன்னீங்க. இப்போ ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்கப்பா."

மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். கதவில் கட்டியிருந்த மணி ஆடி நின்றது.

ஸ்டுடியோக்காரர் குடும்பப் படத்தை முடித்தார். டீ வரவழைத்துக் குடித்தார். பிறகுதான் மகள் அனுப்பிய படத்தைத் திறந்தார். திரை முழுக்க மனைவியின் கழுத்து விரிந்தது.

அவர் ஒன்றும் யோசிக்கும் முன் கை யோசித்துவிட்டது. முப்பத்தொரு வருடத்துப் பழக்கம். மவுஸ் தானாகப் போய் மச்சத்தின் மேல் நின்றது. பிரஷ், மனைவியின் ஐடி கார்டு படத்துக்கு முதல் வருடம் வைத்த அதே அளவில் இருந்தது. கிளிக்.

மச்சம் போகவில்லை. அதன் நடுவில் சின்ன வெள்ளை வட்டம் மட்டும் விழுந்தது, யாரோ கடித்துவிட்டுப் போன மாதிரி.

இன்னொரு கிளிக். இன்னொன்று. பிரஷ்ஷைப் பெரிதாக்கினார். ஆறாவது கிளிக்கில் நடுப்பகுதி போனது. ஓரம் போகவில்லை. ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் கறுப்பு, கீழ்ப்பக்கம் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல். தண்ணீர் பட்ட காகிதத்தில் மை ஓடுகிற மாதிரி, ஓரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நாலா பக்கமும் போயிருந்தது.

அவருடைய கை நின்றது.

டிரைவிங் ஸ்கூல் வருடா வருடம் புது ஐடி கார்டு தரும். வருடா வருடம் அவர்தான் படம் எடுப்பார். நாலு வருடத்துக்கு முன்னால் அந்த மச்சத்துக்கு ஒரு கிளிக். அது நன்றாக நினைவிருந்தது. பேசிக்கொண்டே செய்தார். அடுத்த வருடம் இரண்டு. அதற்கடுத்த வருடம் பிரஷ்ஷைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. போன வருடம் ஐந்தாறு தடவை அழித்தும் ஒரு நிழல் பாக்கி நின்றது. கிளிக் சரியாக விழவில்லை என்று மவுஸைத் திட்டினார். மறுநாளே கடைக்குப் போய்ப் புது மவுஸ் வாங்கிவந்தார்.

இப்போது அந்தப் புது மவுஸைப் பார்த்தார். அது மிக நன்றாக வேலை செய்தது.

செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி விட்டார். ஒவ்வொரு தட்டலுக்கும் மச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. முழுதாக வந்து உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்தது.

*

ஐந்தரை மணிக்கு வாசலில் சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. நாலாவது தடவை டெஸ்டுக்குப் போகிற பெண்தான் டீச்சரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

"கிளம்பலாமா? ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

ஸ்டுடியோக்காரர் எழுந்திருக்கவில்லை.

"காலைல நான் சொன்னது தப்பு," என்றார். "அது அப்படியே இல்லை. மாறியிருக்கு."

"மில்லிமீட்டர் வந்துட்டுப் போனாளா?"

அவர் மவுஸ் கதையைச் சொன்னார். ஒரு கிளிக், இரண்டு கிளிக், பெரிய பிரஷ், திட்டு, கடை. இந்தக் குடும்பத்தில் யாரும் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை. டீச்சர் நின்றுகொண்டே கேட்டார்.

"அப்போ நாலு வருஷமா உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியலை. கைக்குத் தெரிஞ்சிருக்கு."

டீச்சர் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். சாயந்திர வெயில் ஜன்னல் திரையைத் தாண்டி அவருடைய இடது பக்கத்தில் விழுந்தது. காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று என்று பேச்சு மாற்றிச் சொன்னால் எதை நம்புவது என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஆறு பேர். பாடம் எடுப்பதற்கு மாற்று ஆள் இல்லை. கிளிக் கணக்கை நம்பிக் கழுத்தை வெட்டச் சொல்ல முடியாது.

"எனக்குக் காட்டுங்க. நான் பார்க்கணும். அது முன்ன எப்படி இருந்ததுன்னு எனக்குக் காட்டுங்க."

காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், நிறுத்தினார். கம்ப்யூட்டரில் எதுவும் இல்லை என்பது சத்தியம். ஆனால் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் பிலிம் இருந்தது. நெகட்டிவ்களை யாரும் அழிப்பதில்லை. எப்போதாவது பிரதி கேட்டு வருவார்கள். படுதாவுக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியை இழுத்தார். தேதி போட்ட உறைகள். கல்யாணப் பதிவுக்கு முந்தின வாரம், இதே அறையில், இதே ஸ்டூலில் அவளை உட்கார வைத்துத் தானே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். உள்ளங்கையில் அடங்குகிற நெகட்டிவ்.

லைட் பெட்டியைப் போட்டு அதன் மேல் வைத்தார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கூந்தல் வெள்ளை, முகம் கறுப்பு. மச்சம் என்றால் கறுப்பில் ஒரு ஓட்டை மாதிரி வெளிச்சமாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. அந்த ஓட்டையை அவர் அன்றைக்கே மூடிவிட்டார். பிலிம் மேல் பசை போலொரு திரவம் தடவி, ஊசியாகச் சீவிய பென்சிலால், மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடினார். அவர் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த டச்சப் அது. பெரிய ஸ்டுடியோ ஒன்றிலிருந்து வந்த நிபுணர், பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியாமல் போனதாகப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையும் அதுதான்.

பென்சிலைத் துடைத்துவிட்டால் போய்விடும். மறுபடி போட இன்றைய கையால் முடியாது. இன்றைய கை டீ கிளாஸைப் பிடிக்கும்போதே கொஞ்சம் ஆடுகிறது.

டர்பன்டைன் பாட்டிலைத் திறந்தார். பஞ்சை நனைத்து, பிழிந்து, குச்சியின் முனையில் சுற்றினார். காதுக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி வைத்து மெல்லத் துடைத்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பஞ்சு சாம்பல் நிறமானது. இன்னொரு பஞ்சு. இருபத்தெட்டு வருடத்துப் பென்சில் மெதுவாக இளகி வந்தது.

டீச்சர் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார்.

கழுத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி வந்தது. ஸ்டுடியோக்காரர் பூதக்கண்ணாடியை மனைவியிடம் கொடுத்தார். பேனா முனையால் வைத்தது போல, வட்டம் பிசகாத ஒரே புள்ளி. பக்கத்தில் காதில் அவளுடைய கம்மல். அந்த நாளில் போட்ட கம்மலைத்தான் இன்றும் போட்டிருக்கிறாள். படத்தில் அந்தக் கம்மலுக்குள் இதே மாதிரி நாலு புள்ளிகளை வைக்கலாம்.

டீச்சர் நிமிர்ந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். அதே கம்மல். அதற்குக் கீழே, கம்மலை விடப் பெரிதாக, ஓரம் கலைந்துபோன ஒன்று. மறுபடி குனிந்து நெகட்டிவைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு நாளும் முழுதாகத் தெரியாத தன் கழுத்தை, இப்போது இரண்டு வெவ்வேறு வயதுகளில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறுக்கு மூன்று நிமிடம்.

டீச்சர் தன்னை அறியாமல் வலது காலை முன்னால் நீட்டி, தரையை அழுத்தி மிதித்தார். எதிரே வண்டி வரும்போது அவர் மிதிக்கிற மிதி அது. ஸ்டுடியோவில் பிரேக் இல்லை.

பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, டாக்டர் நம்பரைத் தேடி, காதில் வைத்தார். பழக்கத்தில் இடது காதில் வைத்தார். உடனே வலது காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான்தான் டிரைவிங் டீச்சர் பேசறேன். நாளைக்கு ஒன்பது மணி இடம்…"

அந்தப் பக்கம் யாரோ லைனிலேயே இருக்கச் சொன்னார்கள். டாக்டரின் குரலாகத் தெரியவில்லை. டீச்சர் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கணவரைப் பார்க்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் புதுப் பஞ்சு ஒன்றைச் சுற்றி நனைத்தார். துடைக்க அங்கே இனி ஒன்றும் இல்லை. பஞ்சு வெள்ளையாகவே வந்தது. இருந்தாலும் குனிந்து, அதே இடத்தை மறுபடி மறுபடி மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பென்சிலுக்கு அடியில் அந்த மச்சம் அன்றைக்கே இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டிருக்கக் கூடாதா என்று.